இணைப்பு: ஒன்று

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

ந. ந.ஆ.

கோபிக்காதே. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று முழுதாக எழுதினால் பேனா தேய்ந்தா போய்விடும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பேனா தேயாது. பதினாறு வருடமாகக் கோப்பில் எழுதிப் பழகிய கை, அதுபாட்டுக்குச் சுருக்கிவிடுகிறது. எங்கள் பிரிவில் ‘ந.ஆ.’ என்றால் நடப்பு ஆண்டு. உன் கடிதத்தில் நலமறிய ஆவல். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அதேபோல, கடைசியில் நான் போடும் ‘உ.அ.க.’ என்பது உன் அன்புக் கணவன். உப்பு அதிகமான கஞ்சி இல்லை. நீயும் வாண்டும் சேர்ந்து கண்டுபிடித்த அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை.

கான்ஸ்டபிளை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட்டால் ஆள்மாறாட்டக் கேஸ் போடுவேன் என்கிறாய். தாராளமாகப் போடு. அந்தச் சாக்கிலாவது மலையிறங்கி வந்து என்னைக் கைது செய்துகொண்டு போ.

விஷயத்துக்கு வருகிறேன். ஒதுக்கிய நிதி ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. வந்தது மட்டும் இல்லை, சாமானும் வந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு கவசச் சட்டைகள், எங்கள் ஸ்டோர்ஸ் வாசலில் மரப்பெட்டிகளில் இறங்கி நிற்கின்றன. இதைப் போனில் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். நீ சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றுகொண்டு, நான் ‘நிதி’ என்றால் ‘நீதியா? யாருக்கு?’ என்று கேட்டாய். காற்று வேறு. தொட்டியிலிருந்து விழுந்து வைக்கப்போகிறாயே என்று நானே வைத்துவிட்டேன். இனிமேல் பெரிய செய்தி எல்லாம் தபால் வண்டியில்தான்.

இந்தக் கோப்பைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நமக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம் நான் எழுதி அனுப்பியது. வாண்டுக்கும் அதற்கும் ஒரே வயது. முதல் தடவை, ‘ஏற்கெனவே வழங்கப்பட்ட கவசங்கள் என்ன ஆயின?’ என்று கேட்டுத் திரும்பி வந்தது. வழங்கவே இல்லை என்று பதில் போட்டோம். அடுத்த வருடம், ‘இதுவரை இல்லாமல் சமாளித்தது எப்படி?’ என்று வந்தது. அதற்கடுத்து, தேவையை நிரூபிக்கப் புள்ளிவிவரம் வேண்டும் என்று வந்தது. எங்களிடம் புள்ளிவிவரம் இல்லை. போன வருடக் கடைசியில் உங்கள் முகாம் டிரைவருக்குத் தோளில் குண்டு பட்டது. ‘ஒன்று’ என்று எழுதி அனுப்பினேன். பதினைந்தே நாளில் நிதி ஒதுக்கிவிட்டார்கள். அந்த ‘ஒன்று’ நீயாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ அன்று ஜீப்பில் பின்சீட்டில் இருந்தாய் என்பதை நீ எனக்குச் சொல்லவில்லை. விபத்து அறிக்கையின் நகல் எங்கள் பிரிவுக்கும் வரும் என்பதை மறந்துவிட்டாய். சரி, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

பெண் போலீஸுக்குக் கவசம் கொடுப்பது இதுதான் முதல் தடவை. முப்பத்தேழு பேர். ஜனவரியில் நீ லீவில் வந்தபோது ஒருநாள் காலையில் உன்னை நிறுத்தி வைத்து அளவெடுத்தேனே, நினைவிருக்கிறதா? வாண்டு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். நீ கூசுகிறது என்று நெளிந்து நெளிந்து மூன்று தடவை அளவைத் தப்பாக்கினாய். அதே மாதிரி மற்ற முப்பத்தாறு பேரின் அளவையும் முகாம் முகாமாகப் போன் செய்து வாங்கினேன். அலுவலகத்தில் எல்லாரும் கேலி செய்தார்கள். ‘ஜாக்கெட்’ என்று சொன்னால் எந்தத் தையல்கடை என்று கேட்கிறான்கள், அதனால்தான் கோப்பு முழுக்கக் ‘கவசச் சட்டை’ என்றே எழுதினேன். இந்தப் பட்டியலைப் போல வேறு எதையும் நான் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

பெட்டிகளைப் பிரித்ததும் உன் பெயர் ஒட்டிய பொட்டலத்தைத்தான் முதலில் தேடினேன். கையில் வாங்கியபோது, வாண்டு பிறந்த அன்று நர்ஸ் கொடுத்த கனம் அப்படியே இருந்தது. எடை போட்டுப் பார்த்தேன். இருநூறு கிராம்தான் வித்தியாசம். பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது விதி என்பதால், அதன் வெளிப்பையில் வாண்டு வரைந்த படத்தை வைத்திருக்கிறேன். படத்தில் தொப்பி போட்டிருப்பது நீ. பக்கத்தில் இருப்பது நான், நாற்காலி இல்லை.

இன்னொரு செய்தி. எங்கள் கண்காணிப்பாளர், அதாவது பெரிய கண்ணாடி, நேற்று என்னைக் கூப்பிட்டு, ஜூன் பதவி உயர்வுப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்றார். உங்கள் மலையடிவார அலுவலகத்தில் இடம் காலி. அங்கிருந்து முகாமுக்கு நாற்பது நிமிடம். மூன்று வருடமாகத் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டது போதும். வாண்டு நோட்டில் கட்டம் போட்டு ஒரு நாளைக்கு ஒன்றாக வண்ணம் தீட்ட ஆரம்பித்துவிட்டாள். ஜூன் முதல் தேதிக் கட்டத்தில் ஒரு வீடு வரைந்திருக்கிறாள். அந்த வீட்டில் ஜன்னலைவிடக் கதவு சின்னதாக இருக்கிறது, நாம் குனிந்து போக வேண்டியிருக்கும்.

மற்றபடி வீட்டில், குழாய் மறுபடி சொட்டுகிறது. வாண்டுக்கு நான் போட்டுவிடும் இரட்டைப் பின்னல் ஒன்று காதுக்கு மேலும் ஒன்று கீழுமாக இருக்கிறது. டீச்சர் அவளிடம், இன்னைக்கு உன் தலையை யாரும்மா பின்னினது, பஸ்ஸுலயா என்று கேட்டாராம். எனக்கு ரோஷமாக வந்தது.

கவசத்தை வந்த அன்றே போட்டுக்கொள். கழற்றாதே.

உ.அ.க.

இணைப்பு: 1 (படம்)


திங்கட்கிழமை

என் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

ந.ஆ. மட்டும் போடுகிறேன். இந்தப் பக்கம் நலம் என்று எழுத வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை விழுந்து விழுந்து சிரித்தேன். “உங்க கவசம் வந்துச்சு. உள்ள இடம் தாராளம். நானும் வாண்டும் குடித்தனம் பண்ணிட்டு, உங்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கலாம். எங்க முகாம் ரேடியோக்காரி போட்டா பீப்பாய்க்குள்ள பூனை” என்று எழுதியிருந்தாய். வாண்டுக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்கப் பூனையாகத் திரிந்தாள்.

இரண்டாம் முறை படித்தபோது, “ஒன்பது பேருக்கும் இதே கதைதான், ஆம்பளைங்களுக்கு மட்டும் கச்சிதமா இருக்கு” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாம் முறை, ஓரத்தில் பொடி எழுத்தில் நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். “கையைத் தூக்கினா பக்கத்துல நாலு விரல் இடைவெளி விழுது. துண்டை மடிச்சு வெச்சிருக்கேன். பரவாயில்லை.” முக்கியமானதை ஓரத்தில் எழுதுகிற பழக்கத்தை நீ எங்கே கற்றாயோ தெரியவில்லை.

இன்று காலை அலுவலகம் திறந்ததும் பட்டியலை எடுத்தேன். என்ன நடந்தது என்று உனக்கு வரிசையாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

மேலிடத்திலிருந்து வந்த புதுப் படிவத்தில் ஆணா பெண்ணா என்று எழுதக் கட்டம் கிடையாது. பெயர், எண், முகாம், அளவு, அவ்வளவுதான். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. பெண்களுக்கு வேறு மாதிரி வெட்டித் தைக்க வேண்டுமே, கம்பெனிக்காரனுக்குத் தெரிய வேண்டுமே என்று நினைத்தேன். அதனால் முப்பத்தேழு பேருக்கும் அளவுக் கட்டத்தில் ‘பெ’ என்று போட்டேன். பெண் என்பதற்குப் ‘பெ’. எல்லாருடைய அளவுகளையும் தனித்தாளில் எழுதி, ‘இணைப்பு: ஒன்று’ என்று கீழே குறித்தேன்.

அதே பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. சி – சிறியது, ந – நடுத்தரம், பெ – பெரியது. அந்தக் குறிப்பை டைப் அடித்தவனும் நான்தான்.

கம்பெனிக்காரன் முப்பத்தேழு பேருக்கும் பெரியது அனுப்பிவிட்டான். அளவுத் தாளைப் பார்த்திருந்தால் கேட்டிருப்பான். ஆனால் அது அவனுக்குப் போகவே இல்லை. சுத்தப் பிரதியோடு போக வேண்டியது, எங்கள் அலுவலகப் பிரதியின் பின்னால் ஊசி குத்தி அப்படியே இருக்கிறது. நான் குத்திய ஊசி. முதல் வரியில் உன் அளவு. நீ நெளிந்ததால் அடித்து அடித்து எழுதிய மூன்று எண்களும் இருக்கின்றன.

டீ வந்து ஆறிப்போனது. பக்கத்து மேஜைக்காரர், உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். உன்னைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று நான் போட்ட எழுத்து அது. அதுவே உன் கையிடுக்கில் நாலு விரல் ஓட்டை போட்டுவிட்டது. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம்.

பெரிய கண்ணாடியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். கம்பெனி ஆளைப் போனில் பிடித்து, பெயர் சொல்லாமல் பொதுவாக விசாரித்தார். சாமான் வந்து முப்பது நாளுக்குள், பட்டியலில் தவறு எங்களுடையது என்று எழுத்தில் கொடுத்தால் மாற்றித் தருவார்களாம். எழுத்தில் கொடுப்பது என்றால் யாருடைய தவறு என்று பெயரும் பதவியும் எழுத வேண்டும். அதன் நகல் என் பணிப்பதிவில் ஏறும். ஏறினால் ஜூன் பட்டியலில் என் பெயர் இருக்காது. குறைந்தது இரண்டு வருடம்.

அவர் சொன்னார்: “எதுக்குத் தம்பி வம்பு? எல்லாம் சரியா இருக்குன்னு ஏற்புச் சான்றுல கையெழுத்தைப் போட்டு விட்டுடு. அடுத்த ஒதுக்கீட்டுல பொம்பளைங்களுக்குத் தனியா கேப்போம். நீ முதல்ல குடும்பத்தோட போய்ச் சேரு.” அவர் கெட்டவர் இல்லை. ஜூன் பட்டியலில் என் பெயரை முதலில் போட்டதே அவர்தான். ஆனால் இந்த ஒதுக்கீட்டுக்கே ஏழு வருடம் ஆனது. அடுத்ததற்கு அவர்கள் கேட்கப்போகும் புள்ளிவிவரம் என்ன என்று எனக்குத் தெரியும். வரும் வெள்ளிக்கிழமை முப்பதாவது நாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்டோர்ஸில் உபரியாகச் சிறிய அளவுக் கவசம் ஒன்று இருக்கிறது. மதியம் யாரும் இல்லாத நேரத்தில் அதை எடுத்து, காகிதம் சுற்றி, கயிறு கட்டி, உன் பெயரைக்கூட எழுதிவிட்டேன். நாளை வண்டியில் ஏற்றிவிட்டால் உன் பங்கு முடிந்தது. சான்றிலும் கையெழுத்துப் போட்டுவிடலாம், ஜூனில் பெட்டி படுக்கையோடு வந்தும் விடலாம். ஒரு மணி நேரம் அந்த எண்ணத்தோடு நிம்மதியாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பிறகு உன் முகம் நினைவுக்கு வந்தது. நீ பொட்டலத்தைப் பிரிப்பாய். போட்டுப் பார்ப்பாய். சரியாக இருக்கிறது என்று தெரிந்த நொடியே கழற்றி ரேடியோக்காரிக்குக் கொடுத்துவிடுவாய். ‘அவ சின்னப் பொண்ணு, இன்னும் கல்யாணங்கூட ஆகலை’ என்று எனக்கு ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவாய். உன்னோடு ஒன்பது வருடம் குடித்தனம் செய்தவனுக்கு இதுகூடவா தெரியாது? கயிற்றை அவிழ்த்து, கவசத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

என்ன செய்யட்டும் என்று எழுது. வேண்டாம், எழுதாதே. நீ என்ன எழுதுவாய் என்பதும் தெரியும்.

வாண்டு கட்டத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே இருக்கிறாள். மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது. அம்மா வரும் வரை விழாமல் பிடித்து வைத்திருப்பேன் என்கிறாள், அதனால் சாப்பிடும்போதெல்லாம் ஒரு பக்கமாக மெல்லுகிறாள்.

ஜீப்பில் முன்சீட்டில் உட்காராதே. சிரிக்காதே, உட்காராதே.

உ.அ.க.


வியாழக்கிழமை

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

பெட்டியைத் திறந்ததும் நீ இந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்திருப்பாய். கீழே வை. உள்ளே உன் பெயர் ஒட்டிய பொட்டலம் இருக்கிறது. அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வந்து மீதியைப் படி.

போட்டுவிட்டாயா? சரி.

இங்கே நானும் நம் மகளும் நலம். அங்கே நீ நலமா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். பார், பேனா தேயவில்லை. மூன்று வாரமாக அந்த ஆவலோடுதான் இருக்கிறேன், ஆனால் கடிதம் எழுதவில்லை. நடுவில் வாண்டின் பல் விழுந்ததைச் சொல்லி ஒரு கார்டு போட்டதோடு சரி. அதற்குக் காரணம் இருக்கிறது. சாமான் கையில் இல்லாமல் உனக்குச் சமாதானம் மட்டும் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் நான் எதையும் முடிவு செய்யவில்லை. புதன்கிழமை, நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ளலாமே என்று ஒவ்வொரு முகாமாகப் போன் செய்தேன். முப்பத்தேழு பேரில் பதினெட்டுப் பேர் பேசக் கிடைத்தார்கள். கவசம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யாருமே குறை சொல்லவில்லை. “கொஞ்சம் லூசு சார், துண்டு வெச்சிருக்கேன், பரவாயில்லை” என்றாள் ஒருத்தி. “தலையணை உறையைச் சுருட்டி வெச்சுக்கிட்டேன், பரவாயில்லை” என்றாள் இன்னொருத்தி. ஒரு தாய் தன் பிள்ளையின் ஸ்வெட்டரை மடித்து வைத்திருக்கிறாளாம், அவன் வாசம் கூடவே வருதுங்க என்று சிரித்தாள். ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொண்டதைப் போல அத்தனை பேரும் பரவாயில்லை என்றார்கள். கடைசியாகப் பேசியவள், “எங்களுக்கும் குடுத்தீங்களே, அதுவே பெரிசு சார்” என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ‘பெரிசு’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னால் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

வியாழக்கிழமை விளக்கம் எழுதினேன். முதலில் வழக்கம்போலப் ‘பட்டியல் தயாரிப்பில் தவறு நேர்ந்துள்ளது’ என்று எழுதினேன். தானாக நேர்ந்ததா என்ன? கிழித்துப் போட்டேன். அடுத்து, ‘தவறு செய்யப்பட்டுள்ளது’ என்று வந்தது. அதையும் கிழித்தேன். பதினாறு வருடத்தில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகளில் ‘நான்’ என்ற சொல்லை ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசியில், ‘நான் தவறு செய்தேன். பெண் என்று நான் எழுதியதைப் பெரியது என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். அளவுத் தாளை நான் சேர்த்து அனுப்பவில்லை’ என்று எழுதி, முழுப் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

பெரிய கண்ணாடி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். செய்யப்பட்டதுன்னாவது மாத்தக் கூடாதா தம்பி என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அவர் மேலே ஒப்பமிட்டார். பிறகு அவரே எழுந்து போய் அளவுத் தாளைச் சுத்தப் பிரதியோடு வைத்து ஊசி போட்டார். ஒரு ஊசி போதாது என்று இரண்டு போட்டார்.

அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை வந்தது உன் கடிதம். வண்டிக்காரர் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஓரத்தில் இல்லை, இந்த முறை நடுப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய். “ஒண்ணும் எழுதிக் குடுக்காதீங்க. நான் துண்டு வெச்சு ஓட்டிக்கிறேன். பழகிடுச்சு. நீங்க ஜூன்ல வாங்க, அது போதும் எனக்கு.” கீழே எதையோ எழுதி அடித்திருந்தாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘தனியா முடியலைங்க’ என்று இருந்தது.

அதை அடித்தாயே, ஏன்? எனக்கும்தான் முடியவில்லை. இரவில் வாண்டு தூங்கிய பிறகு உன் பக்கத்துத் தலையணையைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். பக்கத்தில் இருந்தால் கை தேடிப்போகிறது. ஆனால் துண்டு எதைத் தடுக்கும்? வேர்வையைத் தடுக்கும். நீ ஜூனில் என்னோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைவிட, நீ இருக்க வேண்டும் என்று ஆசை. என் மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த வாரமே ஜூன் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. என் இடத்துக்குப் பக்கத்து மேஜைக்காரர் போகிறார். நல்ல மனிதர், என்னிடம் சொல்ல வரும்போது குற்றம் செய்தவர் முகத்தோடு வந்தார். மலையடிவாரத்தில் குளிருமாம், ஸ்வெட்டர் வாங்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இரண்டு வருடம் என்கிறார்கள். பெரிய கண்ணாடி, ஒன்றரைக்குக் குறைக்கப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்ப்பார்.

வாண்டிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பள்ளியிலிருந்து கூட்டிவரும் வழியில் சொல்ல நினைத்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து, பால் குடித்து, வீட்டுப்பாடம் முடித்த பிறகு சொன்னேன். அப்பா ஒரு எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டேன், அதைத் திருத்தியதால் ஜூனில் அம்மாவிடம் போக முடியாது என்றேன். அவளுக்கு எழுத்துப் பிழை என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். எத்தனை மார்க் போச்சுப்பா என்று கேட்டாள். நிறைய என்றேன். இப்ப அம்மா சட்டை சரியா இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். சற்று நேரம் விழுந்த பல்லின் இடத்தை நாக்கால் தொட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நோட்டை எடுத்து, ஜூன் கட்டத்திலிருந்த வீட்டை ரப்பரால் அழித்தாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைப் பழுது பார்க்கிற சாக்கில் நின்றேன். அவள் பின்னாலேயே வந்து என் முதுகில் தட்டி, “பென்சில்லதான்பா போட்டிருந்தேன். வேற எடத்துல போட்டுக்கலாம்” என்றாள். குழாயும் சரியாகவில்லை, நானும் சரியாகவில்லை. இரண்டு பேரும் சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். பிறகு முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.

கம்பெனி ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கம் போய்ச் சேர்ந்ததும் அவரே போன் செய்தார். இத்தனை வருஷத்துல எங்க தப்புன்னு எழுதிக் குடுத்த ஆபீஸை இப்பத்தான் சார் பாக்குறேன் என்றார். எந்த முகாமுக்கு முதலில் வேண்டும் என்று கேட்டார். நான் யோசித்தேன். உங்கள் முகாம் என்று சொன்னால் சொந்தக் காரியம் என்று பேச்சு வரும். டிரைவருக்கு அடிபட்ட முகாமுக்கு என்று சொன்னேன். அது உண்மைதானே? அதனால் உங்கள் ஒன்பதும் இன்று காலை வந்து, இப்போது உன் முன்னால் இருக்கின்றன. ரேடியோக்காரியுடையது தனிப் பொட்டலம். அவளுக்கென்று அளவெடுத்துத் தைத்தது, உன் சட்டை அவளுக்குச் சேராது. உன் தியாகத்துக்கு இந்த முறை வழியில்லை. மீதி இருபத்தெட்டும் அடுத்த புதன்கிழமைக்குள் மற்ற முகாம்களுக்குப் போய்விடும்.

இப்போது எழுந்து நில். வலது கையைத் தூக்கு. இடது கையையும் தூக்கு. பக்கத்தில் யாராவது இருந்தால் இடைவெளியில் விரலை வைத்துப் பார்க்கச் சொல். ஒரு விரல் போகலாம், மூச்சு விட வேண்டுமே. இரண்டு போனால் எனக்கு உடனே எழுது. தொட்டி மேல் ஏறிப் போன் செய்தாலும் சரி. ஜீப்பில் உட்கார்ந்து பார், தாடையில் இடிக்கிறதா என்று சொல். துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொள். அது அந்த வேலைக்குத்தான்.

இந்தக் கடிதத்தோடு ஏற்புச் சான்று ஒன்று வைத்திருக்கிறேன். புதுப் படிவம், குறிப்பு எல்லாம் மாற்றி நானே அடித்தது. ‘அளவு’ என்று ஒரு கட்டம் இருக்கும். முன்னைவிடப் பெரிய கட்டம். அதில் தயவுசெய்து ஒற்றை எழுத்துப் போடாதே. பரவாயில்லை என்றும் எழுதாதே. சரியாக இருந்தால், ‘எனக்குச் சரியாக இருக்கிறது’ என்று முழுதாக எழுது. உன் கையெழுத்தில் அந்த மூன்று சொற்களை நான் படிக்க வேண்டும்.

ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ, நாங்கள் இருந்துகொள்வோம். வாண்டு புது நோட்டில் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். எத்தனை கட்டம் என்று கேட்டால், போட்டுக்கிட்டே இருப்பேன் என்கிறாள். பின்னல் இப்போது இரண்டும் ஒரே உயரத்தில் வருகிறது. நீ எந்த முனையில் திரும்பினாலும், எந்தச் சீட்டில் உட்கார்ந்தாலும், என் கண் உன் மேலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொள். நீ எழுதுவதும் முழுதாக வரட்டும், நீயும் முழுதாக வந்து சேர்.

உன் அன்புக் கணவன்

இணைப்பு: ஒன்று. மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் ஊசி போட்டேன்.